டிக்கட் நம்பர் இல்லாத தாள்கள்

என் பாஸ்போட்டில் ஒரு முத்திரைகூடக் கிடையாது. எடுத்து ஒன்பது வருடமாகிறது. தோஹாவில் எந்த வாசலில் இறங்கி எந்த வாசலில் ஏற வேண்டும், பாரிஸில் எந்த முனையத்துக்கு எந்த ரயில், லண்டனுக்குப் போகிற கிழவிகள் கருவாட்டை எந்தப் பெட்டியில் வைத்தால் தப்பும், எல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். நான் நேரில் பார்த்த ஒரே விமான நிலையம் கட்டுநாயக்க. அதுவும் வரவேற்க வருகிறவர்கள் நிற்கும் கம்பி வரைக்கும்தான்.

"ஊருக்கெல்லாம் டிக்கட் போடுற ஆளு. எங்கள நுவரெலியாவுக்காவது ஒரு தரம் கூட்டிட்டுப் போயிருக்கீங்களா?" என்று மனைவி கேட்பாள். பதில் சொல்ல வாயைத் திறக்கும்போதே போன் அடிக்கும். அவள் சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவாள்.

கண்டியில் ஒரு பெரிய டிக்கட் கந்தோரில் பதினொரு வருடம் கிளார்க்காக இருந்தேன். முதலாளிக்குக் காலையில் ஒரு முகம், பின்னேரம் ஒரு முகம். லீவு கேட்டால் மூன்றாவது முகம் ஒன்று வரும். நாமே ஒரு கடை போட்டால் நம் இஷ்டத்துக்குத் திறக்கலாம், நம் இஷ்டத்துக்கு மூடலாம் என்று நினைத்துத்தான் வேலையை விட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அந்த முதலாளிக்காவது ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்தது.

மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் அறை கிடைத்தது. ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், மூன்று கதிரை, சுவரில் ஒரு உலகப்படம். யன்னலைத் திறந்தால் கீழே பஸ் கொண்டக்டர்கள் "கலஹா, கலஹா" என்று தொண்டை கிழியக் கத்துவது கேட்கும். முதல் இரண்டு மாதம் அந்தப் படிகளில் யாரும் ஏறி வரவில்லை. கண்டியில் இருப்பவர்களுக்கு ஏசி போட்ட பெரிய கந்தோர்கள் இருந்தன. அப்புறம்தான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. டிக்கட் வாங்குகிற ஆட்கள் இங்கே இல்லை, வெளியே இருக்கிறார்கள். ஊருக்கு வந்து போக அவர்களுக்குத்தான் டிக்கட் வேண்டும். அதைவிட, பத்துத் தரம் கேட்டாலும் பத்துத் தரம் தமிழில் பதில் சொல்கிற ஒருவன் வேண்டும்.

அப்படி எனக்குக் கிடைத்த முதல் வெளிநாட்டு வாடிக்கையாளன் கலஹாப் பக்கத்துத் தோட்டத்துப் பையன் ஒருவன். பாரிஸில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை. நான் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவன் என்று யாரோ சொல்லி, அந்த ஒரு காரணத்துக்காகவே என்னைத் தேடிப் போன் எடுத்தான். டிக்கட் அவனுக்கில்லை, அவனோடு அறையில் இருந்த யாழ்ப்பாணத்துப் பையனுக்கு. அந்த ஒரு டிக்கட் ஒழுங்காக அமைந்தது. பிறகு அதே அறையிலிருந்த மற்ற மூன்று பேர், அவர்களுடைய லண்டன் அக்கா, சுவிஸ் மச்சான் என்று ஆள் ஆளாக வந்தார்கள். "அண்ணை, ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ, பெட்டி ரெண்டு கொண்டு வரலாமோ?" என்று நாள் முழுக்க வாட்ஸப்பில் யாழ்ப்பாணம் கேட்கும். கணக்குப் பார்த்தால் என் வாடிக்கையாளர்களில் பாதிக்கு மேல் அந்தக் கலஹாப் பையனின் வாயால் வந்தவர்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் கட்டுப்பட்ட கயிறு இதுதான்.

போனைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஒரு நாட்டில் தூங்கப் போகிறார்கள் என்றால் இன்னொரு நாட்டில் எழும்புகிறார்கள். எவனாவது ஒருவன் எங்காவது ஒரு விமான நிலையத்தில் பெட்டியோடு நின்று "அண்ணே, உள்ள விட மாட்டேங்கிறாங்க" என்பான். அதனால் போனை அணைக்க முடியாது. பொங்கலன்று பால் பொங்கும்போது ஒரு கையில் போன் இருந்தது. பிள்ளையின் பாடசாலை விளையாட்டுப் போட்டிக்குப் போய் மதிலுக்கு வெளியே நின்று பேசிவிட்டு, அவன் ஓடி முடித்த பிறகு உள்ளே போனேன். மூன்று வருடம் இப்படித்தான்.

அந்தக் கலஹாப் பையனுக்குப் பிரான்ஸில் இன்னும் விசா கிடைக்கவில்லை. அகதிக் கேஸ் போட்டிருந்தான். கேஸ் முடியாமல் அந்த நாட்டை விட்டு வெளியே காலை வைத்தால் திரும்பப் போக முடியாது. ஊரில் அம்மாவும் கல்யாணமான அக்காவும் அடுத்தடுத்த லயத்தில் இருந்தார்கள். அம்மாவிடம் இதை அவன் சொல்லவில்லை. கடை முதலாளி லீவு தந்தால் வருவேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு தீபாவளிக்கு முந்தி என்னிடம் கேட்டான்.

"அண்ணே, ஹோல்ட் ஒன்னு போட்டு, அந்தத் தாள அம்மாகிட்ட குடுங்களேன். பாத்தா சந்தோசப்படும். பொறகு லீவு கெடைக்கலன்னு நான் சொல்லிக்கிறேன்."

ஹோல்ட் என்பது எங்கள் தொழிலில் அன்றாடம் செய்வது. காசு கட்டாமல் ஒரு இருக்கையைப் பெயர் போட்டுப் பிடித்து வைக்கலாம். இரண்டு மூன்று நாளில் காசு கட்டாவிட்டால் அது தானாகவே அழிந்துவிடும். ஆனால் பிடித்து வைத்த அந்த நேரத்தில் அச்சடித்தால் வருகிற தாளில் எல்லாம் இருக்கும். ஆளின் பெயர், விமானத்தின் இலக்கம், புறப்படும் நேரம், தோஹாவில் மாறும் நேரம், கட்டுநாயக்கவில் இறங்கும் நேரம் எல்லாம் இருக்கும். இல்லாதது ஒரே ஒரு வரி, டிக்கட் நம்பர். தொழில் தெரிந்தவன் கண் முதலில் அங்கேதான் போகும். மற்றவர்களுக்கு அது டிக்கட்தான்.

எனக்கு அது தப்பென்று தெரியாமலில்லை. ஒரு தாய் சந்தோசப்படட்டுமே என்று எனக்கே நான் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், அந்த வாரம் அவன் சுவிஸில் ஒரு குடும்பத்தையே என்னிடம் அனுப்பியிருந்தான். அவனுக்கு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் எழவில்லை.

கலஹா பஸ் ஏறி, தோட்டத்து ரோட்டில் இறங்கி, அரை மணித்தியாலம் நடந்து அந்தத் தாளைக் கொடுத்தேன். அந்தம்மா கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. அக்காக்காரி படித்துக் காட்டினாள். தோஹா என்ற சொல்லை இரண்டு தரம் கேட்டு மனதில் போட்டுக்கொண்டார். பிறகு தாளை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, சாமிப் படத்துக்குப் பின்னால் சொருகினார். அப்போதுதான் அவர் கழுத்தைப் பார்த்தேன். இடப்பக்கம் எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு கட்டி.

"கிளினிக்ல காட்டுனீங்களாம்மா?"

"காட்டுனேன் தம்பி. வெட்டணும்னு சொல்றாங்க. கழுத்தறுக்கிற வேல பாருங்க. அதான் மகன் மூஞ்சிய ஒரு தரம் பாத்துட்டுப் போய்ப் படுக்கலாம்னு இருக்கேன். தீவாளிக்கு வந்துருவான்ல."

அன்று திரும்பி வந்த பஸ்ஸில் எனக்கு உட்கார இடமிருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் பையன் போன் போட்டு லீவு கிடைக்கவில்லை என்றான். அந்தம்மா அழுதாராம், பிறகு பரவாயில்லை என்றாராம். அடுத்தது தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு ஒரு தாள். அதற்குப் பிறகு அக்காவின் பிள்ளைக்குக் காது குத்து, அதற்கும் ஒரு தாள். ஒவ்வொரு தடவையும் நான்தான் கொண்டு போனேன். ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷனுக்கு இரண்டு முறை திகதி கொடுத்தார்கள். இரண்டு முறையும் அந்தம்மா போகவில்லை. "மகன் வர்றதா தாள் வந்திருக்குங்க ஐயா" என்று டொக்டரிடமே சொல்லியிருக்கிறார். எலுமிச்சங்காய் மாங்காயாகிவிட்டது. சேலைத் தலைப்பை இழுத்துக் கழுத்தைச் சுற்றிக்கொள்ளப் பழகியிருந்தார். இனித் தள்ளிப்போட்டால் மூச்சுக்குழாயை அமுக்கும் என்று கிளினிக்கில் சொன்னதை அக்காக்காரி என்னிடம் சொன்னாள். நானும் பையனிடம் சொன்னேன். உண்மையைச் சொல்லிவிடடா என்று கெஞ்சினேன்.

"சொன்னா அது அப்பிடியே ஒடஞ்சு போயிரும்ணே. இந்த தடவ ஒப்பரேஷனுக்கு நாலு நாளைக்கு முன்னாடி வர்ற மாதிரி ஒன்னு போடுங்க. அந்தத் தைரியத்துல திகதிய ஏத்துக்கும். பொறகு நான் வர முடியலன்னாலும், திகதி குடுத்தாச்சு, போய்த்தானே ஆவணும்."

கேட்கும்போது அதில் ஒரு நியாயம் இருப்பது போலத்தான் இருந்தது. பயந்தவன் காதுக்கு எல்லாமே நியாயமாகத்தான் கேட்கும். நான்காவது தாளையும் அச்சடித்தேன். வியாழக்கிழமை ஒப்பரேஷன். அதற்கு முந்திய ஞாயிறு பின்னேரம் நாலே காலுக்குப் பையன் கட்டுநாயக்கவில் இறங்குவதாகத் தாள் சொன்னது.

வெள்ளிக்கிழமை பையனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "அண்ணே, அம்மா போன் ஓஃப்ல இருக்கு. அக்கா போனும் வேல செய்யல. வரலன்னு நீங்க ஒரு எட்டுப் போய்ச் சொல்லிருங்க." அன்றைக்குப் பார்த்து லண்டன் குடும்பமொன்று திகதி மாற்றச் சொல்லி உயிரை எடுத்துக்கொண்டிருந்தது. சனிக்கிழமை போகலாம் என்று நினைத்தேன். சனிக்கிழமை ஒருவன் தோஹாவில் பெட்டியைத் தொலைத்தான். சரி, ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் போய்விடலாம் என்று படுத்தேன். முதல் பஸ்ஸையும் விட்டேன். அறையில் வைத்த கோப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்குப் போக நினைத்துப் படியிறங்கி வந்தபோது மணி ஒன்பதரை. புடவைக்கடை வாசலில் ஒரு வெள்ளை வேன் நின்றது. முன் கண்ணாடியில் சந்தனம், குங்குமம், ஒரு செவ்வந்தி மாலை.

கதவு திறந்தது. உள்ளே அந்தம்மா. கூறைப்புடவை மாதிரி மடிப்புக் கலையாத ஒரு சிவப்புச் சேலை. அவருக்குப் பின்னால் எள் போட்டால் விழ இடமில்லை. அக்காக்காரி, அவள் புருசன், பிள்ளைகள், பக்கத்து வீட்டார் என்று பதினொரு பேர். வெளிநாட்டிலிருந்து ஒருவன் வந்தால் எங்கள் ஆட்கள் அவனை அழைத்து வரப் போகிற விதம் இதுதான். ஒருவனைக் கூட்டி வர ஒரு வேன் சனம் போகும்.

"தம்பி, ஏறுங்க, ஏறுங்க! ஒங்கள விட்டுட்டுப் போவமா? தாளு குடுத்ததே நீங்கதானே. பிள்ளையாருக்குத் தேங்காய ஒடச்சிட்டு நேரா இங்கதான் வர்றோம்."

"அம்மா, போனு ஏம்மா ஓஃப்ல இருக்கு?" என்று கேட்டேன். அதுதான் வாயில் வந்தது.

"அவன் பிளேன்ல இருக்கிறப்ப யாரு நமக்குப் போன் எடுக்கப் போறா? சும்மா ஏன் சார்ஜ வீணாக்கணும்னு வெள்ளிக்கெழமையே அணைச்சிட்டேன். இவளையும் அணைக்கச் சொல்லிட்டேன்."

பிரான்ஸ் எவ்வளவு தூரம் என்று அவருக்குத் தெரியாது. இரண்டு நாளாவது பறப்பான் என்று நினைத்திருந்தார். யாரோ என் கையைப் பிடித்து இழுத்தார்கள். முன்னால் டிரைவருக்குப் பக்கத்து இருக்கையைத் துடைத்து எனக்கென்றே வைத்திருந்தார்கள். மரியாதை. நான் ஏறினேன். கதவு இழுத்துச் சாத்தப்பட்டது.

பேராதனைப் பாலம் வரும்போது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். பாலம் வந்தது, பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். கடுகண்ணாவ வளைவுகளில் சொல்லலாம் என்று நினைத்தேன், அங்கே ஒரு பிள்ளை வாந்தியெடுத்தது. பின்னாலிருந்து அந்தம்மா என் தோளைத் தட்டித் தட்டிப் பேசிக்கொண்டே வந்தார். மகனுக்குப் பிடித்த மாசிச் சம்பல் எந்தப் பொட்டலத்தில் இருக்கிறது, வியாழக்கிழமை அவன் ஆஸ்பத்திரியில் எங்கே நிற்பான், மடியிலிருக்கிற கிளினிக் கொப்பியை விமான நிலையத்திலேயே அவனிடம் காட்டப் போவது, எல்லாம். ஒவ்வொரு பேச்சுக்கும் நான் "ஆமாம்மா" என்றேன். போன் அடித்துக்கொண்டேயிருந்தது. அன்றைக்கு ஒன்றையும் எடுக்கவில்லை. ஒரு பெரிய மனிதன் மாதிரி முன்னிருக்கையில் உட்கார்ந்து, கையும் களவுமாகப் பிடிபட்டவன் மாதிரி வியர்த்துக்கொண்டிருந்தேன்.

கேகாலையில் தேத்தண்ணிக்கு நிறுத்தினார்கள். டிரைவர் மடவளைக்காரர், வயதான முஸ்லிம். இந்த மாதிரி ஆட்களை ஏற்றிக் கட்டுநாயக்கவுக்குப் போவதே அவர் தொழில். வேனுக்குப் பின்பக்கம் அவரை ஒதுக்கிச் சொன்னேன். ஆள் வரவில்லை, தாள் பொய், வண்டியை ஏதாவது சாட்டுச் சொல்லித் திருப்புங்கள் என்றேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார்.

"நான் செல்லி வண்டிய திருப்ப ஏலாது தம்பி. அவங்கதான் என்ன பேசி எடுத்திருக்காங்க. செல்ல வேண்டிய மனிசன் நீங்க. செல்றதுண்டா இங்கயே செல்லுங்க, இன்னம் ரெண்டு மணித்தியாலம் ஈக்கி."

அவர் சொன்னது சரி. நான் அவரை மனதுக்குள் திட்டினேன். தேத்தண்ணிக் கடையில் அந்தம்மா எனக்கென்று ஒரு வடையைக் கடதாசியில் சுற்றிக் கையில் வைத்திருந்தார். அதை வாங்கித் தின்றேன். தின்றுகொண்டே எப்படிச் சொல்வது?

நிட்டம்புவ தாண்டும்போது பாரிஸில் விடிந்துவிட்டது போலிருக்கிறது. நான் வேனிலிருந்து அனுப்பிய செய்திக்குப் பையனிடமிருந்து பதில் வந்தது. "ஐயோ அண்ணே. தோஹாவுல பிளேன் மாறுறப்ப மிஸ் பண்ணிட்டான்னு சொல்லிருங்க. அடுத்த மாசத்துக்கு ஒரு தாள் போட்டுக் குடுங்க. கும்பிட்டுக் கேக்குறேன்." எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை யன்னலால் வீசியிருப்பேன். வீச முடியாது. அதில்தான் என் சோறு இருந்தது.

வாகனம் நிறுத்துமிடத்தில் புளிச்சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்துச் சாப்பிட்டோம். மகனுக்கென்று ஒன்றை எடுத்துத் தனியாக வைத்தார்கள். மூன்றரைக்கே போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அக்காக்காரி கையில் மாலை.

நான் யோசிக்காத ஒன்று அங்கே நடந்தது. அந்த விமானம் உண்மை. பையன்தான் அதில் இல்லையே தவிர, தாளிலிருந்த இலக்கம், நேரம் எல்லாம் உண்மை. மேலே தொங்கிய திரையில் அந்த இலக்கத்துக்கு நேரே வந்திறங்கிவிட்டதாக எழுத்து மாறியது. அக்காக்காரி தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்து, "எறங்கிட்டாம்மா!" என்று கத்தினாள். பதினொரு பேரும் கை தட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் வண்டிகளைத் தள்ளிக்கொண்டு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கம்பளி போர்த்திய பெண்கள், பெரிய தொலைக்காட்சிப் பெட்டியோடு ஒருவன், தூங்கிய பிள்ளையைத் தோளில் போட்ட ஒருவன். ஒல்லியாக உயரமாக யார் வந்தாலும் அந்தம்மா குதிகாலை உயர்த்தி எட்டிப் பார்த்தார். அப்படிக் கழுத்தை நீட்டியபோது சேலைத் தலைப்பு நழுவிக் கட்டி முழுதாகத் தெரிந்தது.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அவர் முழங்கையைப் பிடித்து ஒரு தூணோரமாகக் கூட்டிப் போனேன்.

"அம்மா, அவன் வரல."

"அடுத்த வண்டியில வருவான் தம்பி. பெட்டி எடுக்க நேரமாகுமாமே."

"அந்தப் பிளேன்ல அவன் ஏறவே இல்லம்மா. அவனுக்கு விசா இல்ல. வந்தா திரும்பிப் போக முடியாது. அதான் வராம இருக்கான். நான் குடுத்தது டிக்கட் இல்ல. சும்மா தாள்."

அவர் என்னைப் பார்த்தார். நான் எதிர்பார்த்தது அழுகை, இல்லாவிட்டால் ஒரு அறை. இரண்டும் வரவில்லை.

"நாலுமா?" என்று கேட்டார்.

தலையை ஆட்டினேன்.

"நாலயும் மலையேறி வந்து நீங்கதானே குடுத்தீங்க" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. எனக்கு அந்தக் கம்பியை உடைத்துக்கொண்டு உள்ளே ஓடி ஏதாவது ஒரு விமானத்தில் ஏறிவிடலாம் போலிருந்தது.

பிறகு அவர் தலைப்பை இழுத்துக் கழுத்தைச் சுற்றிக்கொண்டு மற்றவர்களிடம் நடந்தார். நான் பின்னாலேயே போனேன். மகன் எனக்கு அனுப்பிய செய்தியை அந்த அம்மா பார்த்ததில்லை, கேட்டதில்லை. ஆனாலும் அவர் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"தோஹாவுல பிளேன் மாறுறப்ப விட்டுட்டானாம். தம்பிக்கு இப்பத்தான் போன் வந்திச்சு. நாலஞ்சு நாளாகுமாம். வாங்க, போவோம்."

எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் மறுபடியும் தலையை ஆட்டினேன். நாலு தாளாக நான் திக்கித் திக்கிச் சொன்ன பொய்யை அவர் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டார். திரும்பும் வழியில் பிள்ளைகள் பாடவில்லை. மாலையை டிரைவர் வாங்கி முன் கண்ணாடியில் பழையதோடு சேர்த்து மாட்டினார்.

திங்கட்கிழமை முழுக்க எனக்கு ஒரே நினைப்பு. இந்த மூன்றாவது திகதிக்கும் அந்தம்மா போக மாட்டார். போகாமல் அவருக்கு ஏதாவது நடந்தால் அதற்கு நான்தான் பொறுப்பு. செவ்வாய்க்கிழமை காலை படியில் யாரோ நின்று நின்று ஏறும் சத்தம் கேட்டது. அந்தம்மாதான். என் கந்தோருக்குள் அவர் வந்தது அதுதான் முதல் தடவை. கதிரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். அந்தக் கட்டியோடு மூச்சு வாங்குவதைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"தம்பி, ஒரு தாள் அடிச்சுக் குடுங்க."

"என்ன தாளும்மா?"

"அதே தாள்தான். வியாழக்கெழம வர்ற மாதிரி."

"அம்மா, அன்னைக்கு எல்லாத்தயும் சொன்னேனே. மறுபடியும் எப்பிடி நான்..."

"எனக்குத் தெரியும். எனக்கா கேக்குறேன்? பதினோரு பேரு வேன் ஏறி வந்து பாத்துட்டுப் போயிருக்காங்க. மகன் கைவிட்டுட்டான், இவ அனாதையாப் போய்ப் படுக்குறான்னு லயம் பூரா வாயில போட்டு மெல்லுவாங்க. அத என்னால தாங்க முடியாது. அவன் வந்துக்கிட்டு இருக்கான்னு காட்ட ஒரு தாளு இருந்தா தலைய நிமித்திக்கிட்டுப் போவேன்."

"தாள் இருந்தா ஒப்பரேஷனுக்குப் போவீங்களா?"

"போவேன்."

"இல்லாட்டி?"

அவர் யன்னல் பக்கம் பார்த்தார். கீழே கொண்டக்டர் கலஹாவுக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

இத்தனை நாளாக அவரைப் போகவிடாமல் வைத்திருந்த தாளைக் கொடுத்துத்தான் இப்போது அவரை அனுப்ப வேண்டியிருந்தது. உண்மையைச் சொன்ன அன்றைக்கு இந்தத் தொல்லை என்னை விட்டது என்று நினைத்தேன். விடவில்லை. கம்ப்யூட்டரைத் திறந்து, மனப்பாடமாகிப்போன அந்தப் பெயரை ஐந்தாவது தடவையாக அடித்தேன். அச்சு இயந்திரம் தாளைத் தள்ளியது. பிளாஸ்டிக் உறையை அவரே கொண்டு வந்திருந்தார்.

எழும்பும்போது, "இன்னொன்னு தம்பி. ஆஸ்பத்திரியில போம் நெரப்புறப்ப யாரு நம்பர் போடணும்னு கேட்டாங்க. ஒங்க நம்பரக் குடுத்திட்டேன். மக நிப்பா, ஆனா அவளுக்குச் சிங்களம் வராது" என்றார். கேட்கவில்லை, அறிவித்தார். அந்த உரிமை அவருக்கு இருந்தது.

வியாழக்கிழமை ஏழு மணிக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். ஒப்பரேஷன் தியேட்டருக்கு வெளியே உட்கார நீளமான வாங்கு. அக்காக்காரி ஒரு முனையில், நான் ஒரு முனையில். பையன் பாரிஸிலிருந்து போன் எடுத்துக்கொண்டேயிருந்தான், இன்னும் உள்ளேதான் என்றேன். நடுவில் ஒரு யாழ்ப்பாணத்துத் தம்பி, "அண்ணை, யன்னல் சீட் கிடைக்குமோ?" என்றான். கிடைக்கும் என்றேன். இன்னொருத்தி லண்டனிலிருந்து பெட்டியின் எடை கேட்டாள். எழும்பிப் போகவும் முடியாது, போனை எடுக்காமலிருக்கவும் முடியாது. எதிரே சுவரில் ஒரு கடிகாரம் ஐந்து நிமிடம் பிந்தி ஓடிக்கொண்டிருந்தது.

பதினொன்றே முக்காலுக்கு ஒரு தாதி வந்தார். கையில் பிளாஸ்டிக் உறையோடு அந்தத் தாள். ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது, கண் விழித்துவிட்டார், ஆனால் குரல் சரியாக எழும்பவில்லை என்று சிங்களத்தில் சொன்னார். தலையணைக்குக் கீழே இந்தத் தாளை வைத்துக்கொண்டு, மகன் வருகிறான் என்று காலையில் வார்டில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாராம். இப்போது தாளைக் கையில் கொடுத்து வாசலைக் காட்டுகிறாராம்.

"மகன் யாரு?" என்று கேட்டார் தாதி.

அக்காக்காரி என்னைப் பார்த்தாள். என் போன் மறுபடியும் அடிக்கத் தொடங்கியது. நான் எழுந்து நின்றேன்.

"போனை அணைச்சிட்டு வாங்க" என்றார் தாதி.

மூன்று வருடத்தில் முதல் தடவையாக அணைத்தேன். பிளேனில் இருக்கிற ஆளுக்கு யார் எடுக்கப் போகிறார்கள்.